லுங்கித் தட்டு

அன்புள்ள குருவி,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதானால் இந்த இடத்திலேயே திட்டி முடித்துவிடு, அடுத்த பத்தியில் நல்ல செய்தி இருக்கிறது.

நான் பாட்டியாகப் போகிறேன். சின்னவளுக்கு இது ஐந்தாவது மாதம். மசக்கை அடங்கிவிட்டது, சோறு இறங்குகிறது. மாப்பிள்ளை வழக்கம்போல எதைக் கேட்டாலும் "ஓகே அத்தை". உன் முட்டிவலி, பெரிய அத்தையின் வீட்டு வழக்கு பற்றியெல்லாம் தனியாக எழுதுகிறேன். இன்றைக்கு உட்கார்ந்தது தட்டு விஷயமாக.

சிரிக்காதே. ஆமாம், அந்த லுங்கித் தட்டுதான். போன முறை வந்தபோது நீ வைத்துவிட்டுப் போன பெயர் இந்த வீட்டில் ஒட்டிக்கொண்டது. நான் ஒருத்திதான் இன்னும் ஆலைக்காரர்கள் அந்தக் கட்டத்துக்கு வைத்த "ஆர்கண்டி" என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? பசடீனாவில் மாதாமாதம் இரண்டாவது ஞாயிறு கூடுகிற அந்தப் பழஞ்சந்தையில் முதல் தட்டைக் கையில் எடுத்தபோது, அந்த மஞ்சளும் பழுப்பும் குறுக்கே ஓடுகிற கட்டத்தைப் பார்த்து எனக்கும் ஹாஸ்டல் வாட்ச்மேன் தாத்தாதான் நினைவுக்கு வந்தார். மொட்டை மாடிக் கொடி, மழை, நீ ஓடின ஓட்டம். அதற்காகவே வாங்கினேன். ஒரு தட்டு அறுபத்து நாலு சாமானாக வளர்ந்ததற்குத் தாத்தா பொறுப்பல்ல.

போன மாதம் இந்தத் தட்டு பிறந்த வெர்னன் ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். லாஸ் ஏஞ்சலிஸ் நகர மையத்துக்குத் தெற்கே, பத்து நிமிஷம். ஊர் என்று சொன்னால் ஊர் கோபித்துக்கொள்ளும். எல்லாம் கிடங்கு, லாரி, சுவர். 2020 கணக்கெடுப்பில் மொத்த ஜனமே 222 பேர். இங்கேதான் பென்னிசன் என்பவர் 1931-ல் ஒரு பழைய பீங்கான் ஆலையை வாங்கி 'வெர்னன் கில்ன்ஸ்' என்று நடத்தினார். இரண்டே வருஷத்தில் லாங் பீச் நிலநடுக்கம். பழைய சரக்கெல்லாம் நொறுங்கிப் போனதால் புதிதாக வடிவங்கள் செய்தே ஆகவேண்டிய கட்டாயம். கட்டம் போட்ட தட்டுகள் அதற்கு அப்புறம் வந்தவை. உடையாமல் இருந்திருந்தால் என் ஆர்கண்டி பிறந்திருக்குமோ என்னவோ. போருக்குப் பின் வெளிநாட்டுப் பீங்கான் மலிவாக வந்து குவிய, 1958-ல் மூடிவிட்டார்கள். அச்சுகளை மெட்லாக்ஸ் என்ற இன்னொரு ஆலை வாங்கிக்கொண்டது. நான் வேலிக்கு வெளியே நின்று ஒரு கிடங்கைப் படம் எடுத்தேன். காவலாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சரி விடு.

கட்டங்களுக்கு அவர்கள் வைத்த பெயரெல்லாம் துணிக்கடைப் பெயர்கள். ஆர்கண்டி, கிங்கம், ஹோம்ஸ்பன், ட்வீட், காலிகோ. டாம் ஓ ஷான்டர் மட்டும் ஸ்காட்லாந்துக்காரர் தொப்பி. இதில் காலிகோ யார் தெரியுமா? நம் கோழிக்கோடுதான், துணியாகக் கப்பலேறிப் போனபோது வாங்கிக்கொண்ட பெயர். ரோஜாவும் நீலமுமாக இருக்கும், லேசில் அகப்படாது. என்னிடம் இருப்பது ஒரே ஒரு சாசர். கோப்பை இல்லாத சாசர்.

நீ போட்டோவில் பார்த்து "எல்லாம் அச்சு" என்றாய் அல்லவா, அதற்கு மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். மேலே பூசிய கண்ணாடி மாதிரி மெருகுக்கு அடியில் கையால் இழுத்த கோடு அது. வெயிலில் சாய்த்துப் பிடித்தால், மஞ்சள் மேல் பழுப்பு ஏறுகிற சதுரம் கொஞ்சம் கருத்துத் தெரியும். தட்டின் விளிம்பில் பிரஷ்ஷை எடுத்த இடத்தில் சாயம் ஒரு பொட்டாகத் தேங்கி நிற்கும். என் எட்டுத் தட்டிலும் எட்டு விதப் பொட்டு. ஒன்றில் கோடு லேசாக நெளிந்திருக்கிறது. அதை இழுத்தவளுக்குத் தும்மல் வந்திருக்கும் என்று நான் முடிவு கட்டியிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

சின்னவள் வந்திருந்தாள். ரசம் ஊற்றி வைத்தேன், நான் எப்போதும் ஊற்றுகிற கிண்ணத்தில். கையை எடுத்துக்கொண்டு, "அம்மா, இதில் ஈயம் இருக்குமா?" என்றாள். பழைய பீங்கானின் மெருகில் ஈயம் சேர்ப்பது ஊரெங்கும் இருந்த வழக்கம். அதிலிருந்து சாப்பாட்டில் எவ்வளவு கசியலாம் என்று அமெரிக்காவில் வரம்பு வைத்ததே 1971-ல்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும், குருவி. தெரிந்துகொண்டேதான் ஊற்றினேன்.

ஹார்டுவேர் கடையில் விற்கிற பரிசோதனைக் குச்சி வாங்கி வந்து ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். தட்டு எதிலும் நிறம் மாறவில்லை. கிண்ணத்தில் தேய்த்தேன், குச்சி சிவந்துவிட்டது. அந்தக் கிண்ணத்தின் அடியில் முத்திரையே கிடையாது. "சின்னச் சாமானில் குத்தாமல் விடுவதுண்டு" என்று சொல்லி ஒன்பது டாலருக்கு ஒருவர் தலையில் கட்டினார். எந்த ஆலையோ, யார் கண்டது. செட்டு சேர வேண்டும் என்ற ஆசையில் நானும் நம்பத் தயாராக இருந்தேன். குச்சி மாறாத தட்டையும் நம்பிவிட முடியாது, அது மேற்பரப்பை மட்டும் சொல்லும். ஆய்வகத்தில் நாலு சதவீத அசெட்டிக் அமிலத்தை ஊற்றி இருபத்து நாலு மணி நேரம் வைத்துப் பார்ப்பார்களாம். கிட்டத்தட்ட வினிகர்தான். நான் வருஷக்கணக்காகப் புளிக்குழம்பை வைத்து அதே பரிசோதனையைச் செய்துகொண்டிருந்தேன், பிள்ளையை எலியாக வைத்து.

ஈயம் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், கர்ப்ப காலத்தில் கரைந்து ரத்தத்துக்கு வரும் என்று படித்த அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மறுநாளே ரத்தம் கொடுத்தாள். முடிவு வர நாலு நாள். அந்த நாலு நாளும் அலமாரிப் பக்கம் போகவில்லை. நேற்று வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். போனை வைத்துவிட்டு அழுதேன், அப்புறம் ஒரு பிளேட் வடை சுட்டுத் தின்றேன். காகிதத் தட்டில்.

கிண்ணம் இப்போது காரேஜில், பழைய துணியில் சுற்றி. தூக்கிப் போட மனம் வரவில்லை, அதையும் திட்டிக்கொள். ஆர்கண்டி கண்ணாடி அலமாரிக்குள் போய்விட்டது, பார்க்க மட்டும்.

நீ தையில் வருகிறாய் அல்லவா? வரும்போது பரணிலிருந்து ஆறு எவர்சில்வர் தட்டு எடுத்து வா. யார் கல்யாணத்துக்கு யார் கொடுத்தது என்று பெயர் வெட்டியிருக்குமே, அதேதான். முன்பு நான் அதைப் பற்றிச் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒன்றில் "பெ" மட்டும் இருந்து மிச்சப் பெயர் தேய்ந்துபோயிருக்கும், அது எனக்கு.

உன்
ஒட்டடைக்குச்சி