மாட்டை எங்கே கட்டுவது?

ஆசிரியருக்கு,

வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. புயல் பாதுகாப்பு மையங்களில் ஜெனரேட்டர் ஓடுகிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று அதிகாரிகள் பார்வையிடும் காலம் இது. வேதாரண்யம் பக்கத்துக் கடலோரக் கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்ற நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். ஆட்களை மையத்துக்கு அழைக்கிறீர்கள், ஆடு மாடுகளை எங்கே கட்டுவது?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அதற்கு முன்பே கடலோர மாவட்டங்களில் ஏறத்தாழ 80,000 பேரை முகாம்களில் சேர்த்திருந்தார்கள். இல்லாவிட்டால் சாவு எவ்வளவோ கூடியிருக்கும். அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் முதல்நாள் பகலில் நான் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டபோது, "நீங்க முன்னாடி போங்க டீச்சர், மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வர்றேன்" என்றுதான் பல வாசல்களில் பதில் வந்தது. பெண்களும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். மாடு இருந்த வீடுகளில் யாராவது ஒருவர் தங்கிவிட்டார், பெரும்பாலும் வயதானவர். கறவை மாட்டை நம்பிப் பிழைக்கிற குடும்பத்திடம், சினையாக நிற்பதை விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் சொல்வது?

அவிழ்த்துவிட்டாலும் அது எங்கே போகும்? எங்கள் பக்கம் உப்பளமும் சதுப்பும்தான், மேடு கிடையாது. விடிந்தபோது கட்டிய மாடு கொட்டகைக்கு அடியிலும் அவிழ்த்த மாடு சாய்ந்த தென்னைக்கு அடியிலும் கிடந்தன.

இன்னொரு ஆபத்தும் இதில் இருக்கிறது. புயலின் நடுப்பகுதியான 'கண்' கடக்கும்போது காற்று சட்டென்று நின்றுவிடும். ஓய்ந்தது என்று நினைத்துத் தொழுவத்தைப் பார்க்க ஓடுவார்கள். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து பேய்க்காற்று அடிக்கும். அன்று மையத்துக்குள் இருந்தவர்களே கதவைத் திறக்கச் சொல்லி மன்றாடினார்கள். அந்த நேரத்தில் வெளியே வரக் கூடாது என்பதை மழைக்கு முன்பே ஊருக்குச் சொல்லித்தர வேண்டும்.

1970 பெரும்புயலுக்குப் பின் வங்கதேசக் கடலோரத்தில் கால்நடைகளுக்காகவே மண்மேடுகள் எழுப்பினார்கள், 'கில்லா' என்பார்கள். எங்கள் மையங்களுக்குப் பக்கத்திலும் அப்படி ஒரு மேடும், கொஞ்சம் வைக்கோலும், மாடு கட்ட முளைகளும் போதும். காதில் வில்லை போட்ட மாடுகளின் கணக்கு கால்நடைத் துறையிடம் ஏற்கெனவே இருக்கிறது. துறைமுகத்தில் பெரிய எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய பிறகு ஓட்ட நேரமிருக்காது. ஒருநாள் முன்பே, பகல் வெளிச்சத்தில் ஓட்டியாக வேண்டும்.

இந்த ஆண்டு ஒத்திகையில் ஆட்களை மட்டும் ஏற்றி இறக்காமல், ஒரு தெருவின் மாடுகளையும் ஓட்டிப் பாருங்கள். எங்கள் தெரு முதலில் வரும். ஆட்களைச் சேர்த்துத் தருவது என் பொறுப்பு.

ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
வேதாரண்யம் வட்டம்