ஓ.பி. சீட்டில் இன்னும் இரண்டு வரி

தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் மெடிக்கல் கோடராக வேலை பார்க்கிறேன். அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டைப் படித்து, நோய்க்குரிய குறியீட்டைப் போடுவது என் வேலை. டாக்டர் எழுதாத நோயை நாங்களாக ஊகித்துப் போடக் கூடாது. இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான்.

போன வருடம் என் சித்தியின் கண்ணெதிரே ஒரு பைக் லாரியில் மோதியது. வீட்டுக்கு வந்தவருக்குக் கை நடுக்கம், படபடப்பு. கூப்பிட்டால் பதில் இல்லை. தண்ணீர் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. கேஷுவாலிட்டியில் இ.சி.ஜி. எடுத்தார்கள், சரியாக இருந்தது. மூன்றாம் நாள் எழுந்து சமைத்தார். சீட்டைப் பார்த்தேன். 'ஆங்ஸைட்டி' என்று ஒரே சொல். விபத்தைப் பற்றி எதுவும் இல்லை.

அந்தச் சொல்லை வைத்து எஃப் 41.9 தான் போட முடியும். வகை தெரியாத பதற்றக் கோளாறு என்று அர்த்தம். 'அக்யூட் ஸ்ட்ரெஸ் ரியாக்‌ஷன்' என்று எழுதியிருந்தால் எஃப் 43.0. அதிர்ச்சிக்கு மனம் காட்டும் உடனடி எதிர்வினை அது; சில மணி நேரத்திலோ சில நாளிலோ தணிந்துவிடும். வெறும் 'ஸ்ட்ரெஸ்' என்றால் இசட் 73.3க்குப் போய்விடும், அது நோய்க் கணக்கிலேயே வராது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11, அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்க் குறியீட்டுப் பட்டியல், இந்த உடனடி எதிர்வினையை மனநோய்ப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அதிர்ந்த மனம் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்கிறது. சித்தியின் சீட்டிலோ இன்னும் கோளாறுதான் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் எடுக்கப் போனபோது ஏஜென்ட் அதைப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டார். சித்தி பதில் சொல்லாமல் சீட்டை மடித்து வைத்துக்கொண்டார்.

உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. சரி, ஆனால் இல்லாத நோயை ஒருவர் ஏன் சுமக்க வேண்டும்?

கேஷுவாலிட்டியில் உங்களுக்கு உட்காரக்கூட நேரமில்லை என்பது தெரியும். இவ்வளவு போதும்: 'காலை 10 மணிக்குச் சாலை விபத்தை நேரில் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கியது. முன்பு மனநலச் சிகிச்சை இல்லை.' ஒரு மாதம் கழித்தும் கெட்ட கனவும் பயமும் விடவில்லை என்று அவர் திரும்பி வந்தால், பிடிஎஸ்டியா (அதிர்ச்சிக்குப் பிறகும் நீடிக்கும் மனநோயா) என்று பார்க்கும் டாக்டருக்கு அந்தத் தேதிதான் முதலில் தேவைப்படும்.

அப்புறம் ஒன்று. வீட்டில் அடி வாங்கி வந்த பெண் என்றால், நடந்ததைச் சீட்டில் எழுதுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தச் சீட்டு அதே வீட்டுக்குத்தான் போகும்.

இப்படிக்கு,
ஒரு மெடிக்கல் கோடர், சென்னை