கீழ்த்தள அலமாரியில் எல்லா மொழிக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அக்கம்பக்கப் புத்தகப் பரிமாற்ற அலமாரிகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். வரவேற்கத்தக்க முயற்சிதான். ஆனால், யார் வேண்டுமானாலும் வைக்கலாம், எடுக்கலாம் என்று விட்டுவிடுவதால் மட்டும் பன்முகத்தன்மை வந்துவிடாது. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தள அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் தொடக்கநிலை இறுதித் தேர்வுக்கான பழைய பயிற்சி ஏடுகளும் (பென்சில் விடைகளைக்கூட அழிக்காமல்) ஆங்கிலத் தன்முன்னேற்ற நூல்களும்தான். எப்போதாவது வரும் தமிழ்ப் புத்தகம் அடித்தட்டில் தலைகீழாக நிற்கும். அடுக்குபவருக்கு அந்த எழுத்து தெரியாது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. சக்கர நாற்காலியில் பள்ளி செல்லும் சிறுவனையோ வெளிநாட்டு ஊழியரின் மகளையோ பற்றிய கதைநூல் எதையும் அங்கு நான் கண்டதில்லை.

சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுக்கும் தலா ஒரு தட்டு ஒதுக்கி, அந்தந்த மொழி அறிந்த தொண்டூழியரிடம் அதை ஒப்படைக்க வசிப்போர் குழுக்கள் முன்வரலாம். கதைச் சுருக்கத்தை ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி அட்டையில் ஒட்டினால், பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டியும் படங்களுக்காகவேனும் அதைப் பேரனுக்கு எடுத்துச் செல்வார். ஏப்ரலில் நடைபெறும் தமிழ்மொழி விழாவையொட்டி இதைத் தொடங்கலாம். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய பொருள் வாங்கும் கராங்குனிக்காரரிடம் போகும் நம் சிறுவர் நூல்களே முதல் தட்டை நிரப்பப் போதும்.

வாசகி, ஈசூன்