பனங்காடைச் சேலை ஏன் பழுப்பாக இருக்கிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அன்றாடம் உடுத்துவதற்கென்று நாங்கள் கொண்டுவந்திருக்கும் கைத்தறிப் பருத்திச் சேலைகள், சட்டைகள், குர்த்தாக்களின் புதிய வரிசைக்குப் பறவைகள், செடிகொடிகளின் பெயர்களை இட்டிருக்கிறோம். எடுத்துப் பார்த்தவர்களில் பலர், பனங்காடை என்று பெயரிட்ட சேலை ஏன் இவ்வளவு பழுப்பாக இருக்கிறது என்றும், துணியில் ஒரு பறவையின் படம்கூட இல்லையே என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்விகள். கடை நெரிசலுக்கிடையே நிதானமாகச் சொல்ல இயலாத விடையை இங்கே எழுதுகிறோம்.

கிளிப்பச்சை, மாந்தளிர், வாடாமல்லி, கத்தரிப்பூ, வெங்காயச் சருகு, மயில்கழுத்து என்று நிறத்தைப் பெயர் சொல்லிக் கேட்டுச் சேலை எடுப்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். மயில்கழுத்தைத் தவிர்த்தால் இவை பெரும்பாலும் ஒற்றை நிறத்தின் பெயர்கள். நாங்களோ, ஓர் உயிரின் மேல் எந்த நிறம் எவ்வளவு பரப்பில், எதற்கு அருகில் அமைந்திருக்கிறது என்பதையும் சேர்த்துத் துணிக்குக் கொண்டுவர விரும்பினோம். பொள்ளாச்சிப் பக்கம் மின்கம்பியில் அமர்ந்திருக்கும் பனங்காடையைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அமர்ந்திருக்கும்போது அதன் முதுகு மங்கிய பழுப்பாகவும், மார்பு இளஞ்சிவப்பு ஓடிய பழுப்பாகவும் தெரியும். சிறகை விரித்துப் பறக்கும் நொடியில்தான் இளநீலமும் கருநீலமும் பட்டைபட்டையாக வெளிப்படும். ஆகவே சேலையின் உடலைப் பழுப்பில் நெய்து, நீலப் பட்டைகளை முந்தியிலும், கொசுவம் விரியும்போது மட்டும் தெரியும் பகுதியிலும் வைத்தோம். சட்டையில் அதே நீலம் கைமடிப்பின் உட்புறத்திலும் கழுத்துப்பட்டையின் அடியிலும் இருக்கிறது. நாள் முழுவதும் உடுத்தி வேலை செய்பவருக்கு உடல் முழுக்க அந்த நீலம் கண்ணை உறுத்தும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பச்சையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விலை கூடுதலாக இருப்பதும் அதிகம் கேட்கப்படுவதும் அதுதான். பச்சைக்கிளியின் இறகில் பச்சை நிறப்பொருள் என்று தனியாக ஒன்று இல்லை. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் ஒரு நீலம் தோன்றுகிறது. இறகில் உள்ள மஞ்சள் நிறப்பொருள் அதனுடன் சேரும்போது நம் கண்ணுக்குப் பச்சை தெரிகிறது. சாயப்பட்டறையிலும் கிட்டத்தட்ட இதே வழியைத்தான் பின்பற்ற வேண்டியிருக்கிறது. இலையின் பச்சையைப் பிழிந்து நூலில் ஏற்றினால் அது நிலைப்பதில்லை. அதனால் நூலை முதலில் அவுரி என்னும் செடியின் நீலச் சாயத் தொட்டியில் முக்குகிறார்கள். தொட்டியிலிருந்து எடுக்கும்போது மஞ்சள்கலந்த பச்சையாக இருக்கும் நூல், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். நீலம் அடர்த்தியாக வேண்டுமானால் முக்குவதையும் காற்றாட விடுவதையும் மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும். அதன் பிறகு படிகாரம் ஏற்றி, மாதுளை ஓட்டுச் சாயத்தில் மஞ்சள் கொடுத்தால்தான் பச்சை கிடைக்கிறது. இரண்டு சாயங்களுக்கான பொருளும் உழைப்பும் ஒரே நூலில் சேர்வதால்தான் பச்சைத் துணியின் விலை மற்றவற்றைவிடக் கூடியிருக்கிறது.

மாங்குயில் சேலையின் மஞ்சளுக்கும் மாதுளை ஓட்டையே பயன்படுத்துகிறோம். சமையல் மஞ்சளில் முக்கினால் இன்னும் பளிச்சென்று இருக்குமே என்று சிலர் சொன்னார்கள். உண்மைதான், ஆனால் அந்த மஞ்சள் வெயிலில் விரைவில் வெளுக்கும், சோப்புப் பட்டால் சிவக்கும். தினமும் உடுத்தித் துவைக்கும் துணிக்கு அதை ஏற்ற எங்களுக்கு மனமில்லை. மாங்குயிலின் கறுப்பு, கடுக்காயும் இரும்பும் சேர்ந்து தரும் கறுப்பாகும். கரையில் ஒல்லியாக மட்டும் வரும்.

மரகதப்புறா நம் மாநிலப் பறவை. அதன் சிறகுப் பச்சையையும் உடலின் ஊதா ஓடிய பழுப்பையும் பாவு எனும் நீள நூல் ஒரு நிறம், ஊடை எனும் குறுக்கு நூல் ஒரு நிறம் என்று வைத்து நெய்திருக்கிறோம். பட்டில் இந்த இரட்டை நிறம் மின்னும். பருத்தியில் அவ்வளவு மின்னாது, மடிப்புகளில் மட்டும் அடக்கமாக மாறும். மாந்தளிர்க் குர்த்தாவின் செம்பு நிறம் மஞ்சிட்டி வேரிலிருந்து வருகிறது. செங்காந்தள் சேலையில் பூவின் சாயம் ஏதும் இல்லை. அந்தச் செடி நஞ்சுடையது. இதழ் பசுமையாக விரிந்து, மஞ்சளாகி, பின்பு சிவக்கும் வரிசையை மட்டுமே கரையிலிருந்து முந்தி வரை எடுத்துக்கொண்டோம். அந்தச் சிவப்பின் அழுத்தம் வேர்ச்சாயத்தில் எங்களுக்குக் கைகூடாததால், அதற்கு ஆலைச் சாயம் பயன்படுத்துகிறோம். எந்தத் துணியில் எது தாவரச் சாயம், எது ஆலைச் சாயம் என்பதை அதனதன் சீட்டில் தெளிவாக எழுதியிருக்கிறோம். வாங்குமுன் தயவுசெய்து அதைப் படித்துப் பாருங்கள்.

பராமரிப்பு குறித்துச் சில வேண்டுகோள்கள். முதல் சில முறை தனியாக, குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். பூந்திக்கொட்டைக் கரைசல் இருந்தால் நல்லது. இல்லையென்றால் காரம் குறைந்த சோப்புப் போதும். அவுரி நீலம் தொடக்கத்தில் கையிலோ உள்ளாடையிலோ இலேசாக ஒட்டக்கூடும். துவைக்கத் துவைக்க அது குறையும். கடுக்காய்க் கறுப்பின் மேல் எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ பட்டால் அந்த இடம் வெளிறிவிடும் என்பதால், சமையல் வேலையின்போது அத்துணிகளைத் தவிர்ப்பது நன்று. தவறிப் பட்டுவிட்டால் உடனே நிறைய நீர் ஊற்றி அலசிவிடுங்கள்.

தாவரச் சாயத்தில் ஒரு தொட்டியின் நிறம் அடுத்த தொட்டியில் அப்படியே வருவதில்லை. ஆகையால் சேலைக்கு ஒத்த இரவிக்கைத் துணியோ, உடன்பிறந்தவர்களுக்கு ஒரே நிறச் சட்டைகளோ வேண்டுபவர்கள் ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னர்தான் தேவைப்படுகிறது என்றால், முன்பு வாங்கிய துணியைக் கையோடு கொண்டுவாருங்கள். இருப்பில் உள்ளவற்றைப் பகல் வெளிச்சத்தில் அதன் அருகில் விரித்துக் காட்டுகிறோம்.

அன்புடன்,
கடையினர்