கோட்டின் தடிமனைச் சொல்லுங்கள்: அமெரிக்கப் பொது நில அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க நில மேலாண்மைப் பணியகத்துக்கும் வனச் சேவைத் துறைக்கும்,

வணக்கம். கொலராடோவில் உரிமம் எடுத்து எல்க் மான் வேட்டைக்குப் போகிறவன் எழுதுகிறேன். ஆங்கிலப் படி உங்களுக்குத் தனியாக வந்து சேரும். இந்தப் பக்கம் குடியேறிய நம்மவர்கள் சிலரும் இப்போது துப்பாக்கியும் கைப்பேசியுமாகக் காட்டுக்குள் இறங்குகிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன். (வேட்டை என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். இங்கே மாநில அரசே விலங்குகளின் எண்ணிக்கையைப் பார்த்து உரிமம் தருகிறது. துப்பாக்கி, தோட்டா மீதான வரி 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. இதுவும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். எல்லைக்கோட்டுப் பிரச்சினை மலையேறப் போகிறவருக்கும் உண்டு.)

கேட்க வந்தது ஒன்றுதான். நீங்கள் வெளியிடும் நில எல்லைக் கோடு ஒவ்வொன்றும் எத்தனை அடி வரை நம்பத்தக்கது என்று, அந்தக் கோட்டைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும்படி வெளியிடுங்கள்.

ஒரு காலத்தில் உங்கள் காகித வரைபடம்தான் துணை. மஞ்சள் என்றால் பணியகத்து நிலம், பச்சை என்றால் தேசிய வனம், நீலம் மாநிலத்துடையது, வெள்ளை தனியார். அதை ஜீப்பின் பானெட் மேல் விரித்துவைத்து, எந்த வேலி எந்த நிறத்தில் நிற்கிறது என்று தலையைச் சொறிந்ததெல்லாம் பழைய கதை. மொன்டானாவின் மிசூலாவில் 2009இல் தொடங்கிய ஆன்எக்ஸ் நிறுவனம் முதலில் கையடக்க ஜிபிஎஸ் கருவிக்கான சிப்பாகவும் பிறகு செயலியாகவும் அந்த நிறங்களைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தது. பிறரும் பின்னால் வந்தார்கள். இதனால் விளைந்த நன்மை பெரிது. பணியகத்திடம் மட்டும் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. 'உள்ளே வராதே' என்ற பலகையைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள், அந்தப் பலகையே பொது நிலத்தில் நடப்பட்டிருக்கிறது என்பதை இன்று நின்ற இடத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

சிக்கல் மூலையில்தான் இருக்கிறது. 1862ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி, யூனியன் பசிபிக் தண்டவாளத்தின் இருபுறமும் ஒரு மைலுக்கு ஒரு மைல், அதாவது 640 ஏக்கர் கொண்ட சதுரங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக ரயில்வேக்குக் கொடுத்தார்கள். மீதியை அரசு வைத்துக்கொண்டது. வயோமிங்கின் தென்பகுதி வரைபடம் இன்றும் சதுரங்கப் பலகையாகவே கிடக்கிறது. ஒரு பொதுச் சதுரத்திலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டுமானால் நான்கு சதுரங்களும் கூடும் ஒற்றைப் புள்ளியைத்தான் தாண்ட வேண்டும். இப்படி மூலைக்குள் மாட்டிக்கொண்ட பொது நிலம் மேற்கு மாநிலங்களில் 83 லட்சம் ஏக்கர் என்று ஆன்எக்ஸ் நிறுவனமே 2022இல் கணக்கிட்டுச் சொன்னது. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய கால்வாசி.

வயோமிங்கின் எல்க் மலைப் பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான், நம்மவர்களுக்காகச் சொல்கிறேன். மிசூரியிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் 2020இல் செயலியைப் பார்த்து அப்படி ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் வேலி கிடையாது. மூலையில் மட்டும் இரண்டு இரும்புக் கம்பங்களை நட்டு, நடுவே சங்கிலி கட்டி, பலகை மாட்டியிருந்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தனியார் மண்ணில் கால் படாமல் சுற்றி அந்தப் பக்கம் இறங்கினார்கள். அடுத்த ஆண்டு இரும்பு ஏணியோடு வந்து, இந்த மூலையில் ஏறி அந்த மூலையில் இறங்கினார்கள். அவர்கள் மீது அத்துமீறல் வழக்கு போடப்பட்டது. 2022 ஏப்ரலில் ஜூரி விடுவித்தது. பக்கத்து நிலத்துக்காரர் தன் சொத்தின் மதிப்பு குறைந்துவிட்டது என்று எழுபது லட்சம் டாலருக்கு மேல் கேட்டு சிவில் வழக்கும் தொடுத்தார். 2023இல் மாவட்ட நீதிமன்றமும், 2025 மார்ச்சில் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும், பொது நிலத்துக்குப் போகும் வழியை அடைக்கக் கூடாது என்ற 1885ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி வேட்டைக்காரர்கள் பக்கம் நின்றன. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் மனுவை ஏற்க மறுத்துவிட்டது.

எல்லோரும் கொண்டாடிய இந்தத் தீர்ப்பில் நான் கவனித்தது இரண்டு சங்கதிகளை. செயலி அவர்களை மூலையருகே கொண்டுபோய் விட்டது, உண்மைதான். காலை எங்கே வைக்கலாம் என்று காட்டியது தரையில் பதிந்திருந்த சர்வே குறியீடு. அடுத்தது, செயலியில் குத்தப்பட்டிருந்த ஒரு புள்ளி தன் நிலத்துக்குள் விழுகிறது என்று நிலத்துக்காரர் அதையே அத்துமீறலுக்குச் சாட்சியாக நீட்டினார். வீட்டு சோபாவில் உட்கார்ந்தபடி விரலால் குத்திய புள்ளிக்கும் நேரில் நின்று குத்திய புள்ளிக்கும் பார்வைக்கு என்ன வித்தியாசம் தெரியும்? ஆக, அந்த வண்ணக் கோடு வழிகாட்டி என்ற நிலையைத் தாண்டி நீதிமன்றத்தில் ஆவணமாக ஏறிவிட்டது. வயோமிங்கில் அத்துமீறலுக்கு ஆறு மாதச் சிறையும் 750 டாலர் அபராதமும் வரை போகலாம்.

இப்போது கோட்டின் யோக்கியதையைப் பார்ப்போம். திறந்த வானத்தின் கீழ் கைப்பேசி ஜிபிஎஸ்ஸின் துல்லியம் ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே என்று அரசின் ஜிபிஎஸ் தளமே சொல்கிறது. மூலை என்பதோ அகலமே இல்லாத புள்ளி. மூலையைக் குறிக்கச் சர்வேயர்கள் பதித்த ஒரு பித்தளை மூடியின் மேல் நான் போனை வைத்துப் பார்த்திருக்கிறேன். குழாய்த் தலையில் இறுக்கிய, உள்ளங்கையை விடச் சிறிய மூடி. அதில் பகுதி எண்களும் சர்வே செய்த ஆண்டும் வெட்டியிருந்தன. நீலப் புள்ளி முதலில் மூடியருகே நின்றது, பிறகு தானாகவே நகர்ந்து தனியார் பக்கம் போய் உட்கார்ந்தது. போன் வைத்த இடத்திலேயே இருந்தது. இன்னொரு செயலியைத் திறந்தால் அதில் கோடே சில தப்படி தள்ளி ஓடியது.

புள்ளி நகர்வதாவது கண்ணுக்குத் தெரிகிறது, கோட்டின் பிழை தெரிவதில்லை. செயலிகள் காட்டும் தனியார் எல்லைகள் பெரும்பாலும் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போல) அலுவலகங்கள் வரி வசூலுக்காக வைத்திருக்கும் மனைப்படங்கள். சர்வேயர் கையெழுத்திட்ட அளவை வேறு, இது வேறு. உங்கள் சொந்தச் சதுரங்களோ 66 அடிச் சங்கிலியை இழுத்து, குன்றும் ஓடையும் தாண்டி அளந்தவை. சங்கிலி பிசகிய இடத்தில் சதுரமும் கோணலாகத்தான் இருக்கும். சட்டப்படி அந்த முதல் சர்வேயர் நட்ட கல் நிற்கிற இடமே மூலை. கணக்குப்படி அது வேறெங்கோ இருக்க வேண்டும் என்றாலும் கல் சொல்வதுதான் செல்லும். நம்மூரில் புலப்படத்தை வைத்துக்கொண்டு வரப்பில் சண்டை போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதில் எனக்கு ஆற்றாமை எதுவென்றால், இந்தப் பிழை உங்களுக்கே தெரியும். பணியகம் இலவசமாகத் தரும் சர்வே மூலைகளின் தரவில், எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதற்கென்றே தனிக் களங்கள் இருக்கின்றன. அதைத் திறந்து பார்ப்பவர் சர்வேயரும் மென்பொருள்காரரும்தான். போன் திரையில், செயற்கைக்கோள் கருவி வைத்து அளந்த மூலையும் பழைய தாளைப் பார்த்து ஊகித்த மூலையும் ஒரே மெல்லிய கோட்டில் வருகின்றன. இருநூறு அடி பிழை இருக்கக்கூடிய கோட்டை இருநூறு அடி அகலப் பட்டையாக வரையுங்கள். உங்கள் சொந்த வரைபடங்களில் முதலில் செய்யுங்கள். தரவை எடுத்து விற்கும் நிறுவனங்களுக்கும் அதை நிபந்தனையாக்குங்கள். பட்டையைப் பார்ப்பவர் ஒதுங்கி நடப்பார், மெல்லிய கோடு உள்ள இடத்தில் போய்ப் பித்தளை மூடியைத் தேடுவார். 'இது சட்டப்பூர்வ சர்வே அல்ல' என்று செயலியின் அமைப்புப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போடுவதால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

கூடவே வழிநடைப் பாத்தியதைப் பத்திரங்கள், அதாவது அடுத்தவர் நிலத்தின் வழியே போகும் உரிமையைப் பதிந்த தாள்கள். வனச் சேவையிடம் சுமார் 37,000 பாத்தியதைகள் இருந்தும் 5,000தான் கணினிக்கு ஏறியிருந்தன என்ற கணக்கு, இவற்றைக் கணினிக்கு ஏற்றச் சொல்லும் சட்டத்தைக் கொண்டுவரும் போதே பேசப்பட்டது. 2022 ஏப்ரலில் கையெழுத்தான அந்தச் சட்டம் உங்களுக்கு நான்கு ஆண்டு கெடு வைத்தது. பண்ணை வழியாகப் போகும் ஒரு மண் சாலை பொதுவழியா இல்லையா என்பது அலமாரிக் கோப்புக்குள் இருக்கும் வரை, கேட்டில் பூட்டு மாட்டுகிறவர் சொல்வதே சட்டம்.

இன்னொன்றையும் நீங்கள் சொல்லுங்கள். பத்தாவது வட்டாரத் தீர்ப்பு வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கான்சஸ், ஓக்லஹோமா ஆறுக்கும்தான். எல்லை தாண்டி மொன்டானாவுக்குள் போனால், மூலை தாண்டுவது அங்கே இன்னும் சட்டவிரோதம் என்று அந்த மாநிலத்து வனவிலங்குத் துறை தீர்ப்புக்குப் பிறகும் சொல்லியிருக்கிறது. மாநிலம் மாறும் இடத்தில் வரைபடத்தில் ஒரு குறிப்பு போட எத்தனை நாளாகும்?

வில் வேட்டைக் காலம் செப்டம்பரில் தொடங்கிவிடும். அதற்குள் எல்லாம் முடியாது என்பது தெரியும். மூலைகள் நெருக்கமாக இருக்கும் வயோமிங்கின் கார்பன் கவுண்டி, ஸ்வீட்வாட்டர் கவுண்டி பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
கொலராடோவிலிருந்து ஓர் உரிமதாரர்