ஒரு நாள் காப்பீடு கொடுங்கள், பணம் கட்டுகிறோம்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்களுக்கும், வாகன இன்சூரன்ஸ் விற்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும் கோத்தகிரியிலிருந்து வணக்கம்.

ட்ராக் டே, அதாவது பந்தயத் தடத்தில் சொந்த வண்டியை ஓட்டிப் பழகும் நாள், என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மைச் சோதனை (வண்டி எவ்வளவு தாங்குகிறது என்று ஓட்டிப் பார்ப்பது) எல்லாம் கார் பாலிசியில் விலக்கப்பட்டிருப்பதும் நீங்கள் அறிந்ததுதான். அந்த ஒரு வரியைக் காட்டி என் கிளைமை நிராகரித்த கடிதம் போன செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. கோபத்தில் எழுதினால் மரியாதை தவறிவிடும் என்று மூன்று நாள் ஆறப்போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். நேரம் கணக்கிடாமல், பரிசு எதுவும் இல்லாமல், ஓட்டக் கற்றுக்கொள்வதற்காக மட்டும் நடக்கும் ட்ராக் டேக்கு, அந்த ஒரு நாளுக்கு மட்டும், கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு காப்பீடு கொடுங்கள்.

நான் வேகப் பைத்தியம் பிடித்தவன் இல்லை. கோத்தகிரி கடைவீதியில் சின்னதாக ஒரு ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். வயது 44. மூன்று வருஷத்துக்கு முன்பு மேட்டுப்பாளையம் இறங்கும்போது, குஞ்சப்பனை தாண்டிய இறக்கத்தில் பிரேக் சூடாகிப் பெடல் உள்ளே போய்விட்டது. காரில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்க ஓடையில் டயரை இறக்கி நிறுத்தினேன். அன்றைக்கு எதிரே பஸ் வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரத்திலிருந்து சமவெளிக்கு 33 கிலோமீட்டரில் இறங்குகிற சாலை அது. இருபது வருஷம் அதில் ஓட்டியும் என் வண்டி எந்த இடத்தில் பிடி விடும் என்று தெரியாமலேயே ஓட்டியிருக்கிறேன். அதைத் தெரிந்துகொள்ளத்தான் ட்ராக் டேக்குப் போனேன்.

போவதற்கு முன்பே நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்டேன். "ஒரு நாளைக்குத்தான், எவ்வளவு ஆனாலும் கட்டிவிடுகிறேன்" என்றேன். "அப்படி ஒரு பிளானே இல்லை சார்" என்று பதில் வந்தது. பந்தயம் இல்லையே, பயிற்சிதானே என்று நம்பி நான் போனது என் முடிவு. அதை மறுக்கவில்லை.

காலை முழுக்க ஈரத் தரையில் பிரேக் அடிக்கும் பயிற்சி. அப்புறம் பக்கத்து சீட்டில் பயிற்சியாளரை வைத்துக்கொண்டு தடத்தில் நாலைந்து சுற்று. நேரம் குறிப்பவர் யாரும் கிடையாது. வளைவில் முந்தக் கூடாது, நேர்ப்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் சைகை காட்டிய பிறகு. மதியம் தூறல் விழுந்தது. ஒரு வளைவின் நடுவில் நான் பதறி ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தேன். பின்பக்கம் சுழன்று, வண்டியின் முன்பக்கம் டயர் அடுக்கில் போய் முட்டியது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ரேடியேட்டர், பம்பர், முன்பக்கச் சட்டம் போயின. ஒர்க் ஷாப் மதிப்பீடு 2,37,000 ரூபாய்.

கிளைம் படிவத்தில் 'விபத்து நடந்த இடம்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். வண்டியைப் பார்க்க வந்தவர் நல்ல மனிதர். எல்லாவற்றையும் படம் எடுத்து முடித்துவிட்டு, கிளம்பும்போது தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஏன் சார் இடத்தை எழுதினீங்க? குஞ்சப்பனை வளைவுல மண் மேட்டுல இடிச்சிட்டேன்னு எழுதியிருந்தா இந்நேரம் பாஸ் ஆகியிருக்கும்."

அய்யா, இந்த ஒரு வாக்கியத்தை உங்கள் முன் வைக்கத்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன். நான் அதே வேகத்தில், அதே பதற்றத்தில், பள்ளிப் பிள்ளைகள் நடந்து போகிற மலைச்சாலையில் இடித்திருந்தால் உங்கள் பாலிசி பணம் கொடுத்திருக்கும். சுற்றிலும் டயர் அடுக்கி, ஆம்புலன்ஸ் நிறுத்தி, ஹெல்மெட் போட்டு, எதிரே ஒரு வண்டியும் வராத இடத்தில் இடித்ததால் கொடுக்காது. பொய் எழுதியிருந்தால் கிடைத்திருக்கும். 5 வருஷம் ஒரு கிளைமும் வாங்காமல் 50 சதவீத நோ கிளைம் போனஸில், அதாவது பிரீமியத் தள்ளுபடியில், இருந்தவன் நான். முதன்முதலாகக் கேட்டபோது எனக்குக் கிடைத்தது பொய் சொல்லும்படி ஒரு யோசனை.

வண்டி ஐந்து மாதமாக ஒர்க் ஷாப் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. மூடுபனியில் சீட்டெல்லாம் பூசணம் பிடித்துவிட்டது. இன்னும் 19 தவணை பாக்கி, மாதம் பிறந்தால் வங்கிக்குப் போய்விடுகிறது. அப்பாவை மூன்று வாரத்துக்கு ஒருமுறை கோவையில் இருதய மருத்துவரிடம் காட்ட வேண்டும். விடியற்காலை பஸ்ஸில் மடியில் துண்டை விரித்துக்கொண்டு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்தபடி, மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறிப் போகிறார். வயது 76. "எனக்காகவா அங்கே போய்க் கத்துக்கிட்டே?" என்று ஒருநாள் கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இது புதிய யோசனையும் இல்லை. 2002-இல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டணப் பட்டியலில் 31-ஆம் எண் கொண்ட இணைப்பு ஒன்று இருந்தது. எந்த நிகழ்ச்சி, எந்த இடம், எந்தத் தேதி, எந்த அமைப்பு நடத்துகிறது என்று எழுதி, கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு, ராலிக்கும் நம்பகத்தன்மைச் சோதனைக்கும் பாதுகாப்பை நீட்டிக்க வழி செய்தது அந்த இணைப்பு. பந்தயத்தையும் வேகச் சோதனையையும் அதுவும் சேர்க்கவில்லை, சரி. நான் கேட்பது அவை இரண்டும் இல்லையே. 2022 ஜூலையில், எவ்வளவு தூரம் ஓட்டுகிறோம், எப்படி ஓட்டுகிறோம் என்று பார்த்து பிரீமியம் வாங்கும் கூடுதல் காப்பீடுகளுக்கு ஆணையமே அனுமதி கொடுத்தது. ஒருவர் எப்படி ஓட்டுகிறார் என்பதற்கு விலை போட முடியுமென்றால், ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகும் ஒரு நாளுக்கும் விலை போட முடியும். பிரிட்டனில் இதை ஒரு நாள் பாலிசியாகவே விற்கிறார்கள். வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடிவு செய்கிறார்கள். சேதத்தில் முதல் பங்கை, பெரும்பாலும் வண்டி மதிப்பில் 10 சதவீதத்தை, ஓட்டுகிறவரே ஏற்க வேண்டும். இங்கேயும் அப்படியே வையுங்கள். 20 சதவீதம் என்றாலும் கட்டுவோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சமதரையில் எட்டுப் போட்டுக் காட்டினால் லைசென்ஸ் கிடைத்துவிடுகிறது. அந்த லைசென்ஸோடு ஊட்டி-மசினகுடி மலைச்சாலையில் இருக்கும் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளுக்கு வந்து நிற்கிறார்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் எடுக்க வேண்டும். அதில் வண்டியின் எண்ணிக்கை தெரிகிறது, ஓட்டுகிறவருக்கு இறக்கத்தில் இரண்டாவது கியரில் வரத் தெரியுமா என்பது தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் சாலையோரம் நின்று பாருங்கள், கருகும் பிரேக் வாடை மூக்கில் அடிக்கும். பொது இடத்தில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்று 2019-இல் தண்டனையைக் கூட்டினார்கள். வரவேற்கிறேன். ஆனால் சாலையில் வேண்டாம், தடத்துக்குப் போ என்று என் அக்கா மகனுக்கு நான் புத்தி சொன்னால், "மாமா, அங்க இடிச்சா இன்சூரன்ஸ் வராது, இங்க வரும்" என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்ல? கோவை பக்கம் செட்டிபாளையத்திலும் சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலும் தடங்கள் இருக்கின்றன. நரேன் கார்த்திகேயனை 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்கு அனுப்பிய கோவை எங்கள் மலையடிவாரத்தில் இருக்கிறது. இடம் இருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆளும் இருக்கிறார்கள். உங்கள் கையெழுத்துதான் இல்லை.

லைசென்ஸும் இ-பாஸும் உங்கள் பொறுப்பில் வருவதில்லை என்று தெரியும். ஆதங்கத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். 'ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம்' என்பதற்குள் நேரம் கணக்கிடாத பயிற்சி வராது என்று பாலிசியில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு நாளுக்குப் பணம் கட்டிப் பாதுகாப்பு வாங்க வழி செய்யுங்கள். என் 2,37,000 ரூபாய் வராமல் போனாலும் போகட்டும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் அதைத் தனியாக முறையிட்டுக்கொள்கிறேன். அடுத்து மலையிலிருந்து கற்றுக்கொள்ளக் கிளம்புகிறவருக்காவது அது கிடைக்கட்டும்.

நிராகரிப்புக் கடிதம், தடத்தில் பதிவு செய்த ரசீது, அன்று நேரம் கணக்கிடவில்லை என்று பயிற்சியாளர் எழுதிக் கொடுத்த தாள் மூன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. கேட்டால் நகல் அனுப்புகிறேன். ஹைதராபாத்துக்கு நேரில் வரச் சொன்னாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரி கடைக்காரர் ஒருவர்