ரோஸ் கலர் வீட்டுப் பாட்டுகளைக் கேட்க வந்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

போன சனிக்கிழமை எங்கள் நியூஜெர்சி வீட்டு பேஸ்மென்ட்டில் 'மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்' இசைத்தட்டை முழுசாகப் போட்டுக் கேட்டோமே, அதற்குக் கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி. 1968 ஜூலையில் வந்த 'தி பேண்ட்' குழுவின் முதல் தட்டு அது. நியூயார்க் மாநிலத்தில் வுட்ஸ்டாக் பக்கம் 'பிக் பிங்க்' என்று பேர் வைத்த ஒரு ரோஸ் கலர் வீட்டின் பேஸ்மென்ட்டில் கூடி வாசித்துப் பழகித்தான் அந்தப் பாட்டுகளை உருவாக்கினார்கள். ஒலிப்பதிவு நடந்தது நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலஸிலும்.

தட்டை இரவல் கொடுத்த பக்கத்துத் தெரு பெரியவருக்கு முதல் நன்றி. முன் அட்டையில் குழுவின் பெயரே இல்லை, பாடகர் பாப் டிலன் வரைந்த ஓவியம் மட்டும்தான். உள்ளே, குழுவினர் தங்கள் சொந்தபந்தங்களோடு நிற்கும் படம். பெற்றவர்களோடு மல்லுக்கட்டுவதுதான் ராக் என்றிருந்த காலத்தில் இப்படி ஒரு கல்யாண வீட்டுப் படமா என்று எல்லோரும் கைமாற்றிப் பார்த்தோம். சார், அட்டை மூலையில் சட்னி பட்டது என் தவறு. மன்னியுங்கள்.

ரெக்கார்டு பிளேயரைச் சரிசெய்து கொடுத்த தம்பிக்கு அடுத்தது. முதல் பாட்டு இழுவையாக வரவும் பெல்ட் தளர்ந்துவிட்டதென்று நீ ஸ்க்ரூடிரைவரோடு ஓடிவந்தாயே! பெல்ட் சரியாகத்தான் இருந்தது. குழுவின் பாடகர் ரிச்சர்ட் மேனுவல் அழாத குறையாக அப்படித்தான் பாடியிருக்கிறார். முதல் தட்டின் முதல் பாட்டையே இவ்வளவு மெதுவாக வைக்க எத்தனை துணிச்சல் வேண்டும்!

அப்புறம் நம் தூத்துக்குடி மாவட்டத்து அக்கா. 'தி வெயிட்' என்ற பாட்டில் நாசரேத் என்று ஊர்ப்பெயர் கேட்டதும் "எங்க ஊரா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். இல்லை அக்கா, அது பென்சில்வேனியா நாசரேத், மார்ட்டின் கிடார் செய்யும் ஊர். கிடாருக்குள் அச்சிட்டிருந்த அந்தப் பெயரைப் பார்த்துத்தான் குழுவின் கிடார்காரர் ராபி ராபர்ட்சன் அந்தப் பாட்டை எழுதினாராம். இங்கிருந்து காரிலேயே போய்வரலாம். நீங்கள் சொன்னால் நான் ஓட்டுகிறேன்.

"அமெரிக்கானா என்றால் என்ன?" என்று கேட்ட பிள்ளைகளுக்கும் நன்றி. கன்ட்ரி, புளூஸ், தேவாலயப் பாட்டு, ராக் எல்லாம் கலந்தது என்று உளறிவைத்தேன். இந்தத் தட்டு வந்தபோது யாரும் அதை அப்படி அழைக்கவில்லை. இன்னொரு வேடிக்கை, குழுவின் ஐவரில் நால்வர் கனடாக்காரர்கள். ஆர்கன்சாஸிலிருந்து வந்த டிரம்மர் லெவோன் ஹெல்ம் ஒருவர்தான் அமெரிக்கர். சிறந்த அமெரிக்கானா ஆல்பத்துக்கான கிராமி விருதை 2010இல் முதன்முதலாகக் கொடுத்தபோது வாங்கியதும் அவரேதான்.

சாப்பாடு கொண்டுவந்த எல்லோருக்கும் தனியாக ஒரு கும்பிடு. இரண்டு சாம்பார் தூக்கு இங்கேயே நின்றுவிட்டது. யாருடையது என்று சொல்லுங்கள்.